டெமோ என்றால் என்ன? ராக் பேண்டுகளின் முதல் பதிவு பற்றி ஓர் எளிய விளக்கம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புறப் பட்டணத்தில் கிட்டார் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் போதும், கொஞ்ச நாளில் ‘டெமோ’ என்ற பேச்சு வந்துவிடும். கைப்பேசியில் பிடித்த ஒத்திகையும் டெமோ. ஈப்போவில் ஜாமிங் ஸ்டூடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பதிவு செய்ததும் டெமோ. யூடியூபில் ஏற்றிவிட்ட முழுப்பாட்டும் டெமோ. பாட்டு சுமாராக வந்திருந்தால் “சும்மா டெமோதாண்ணே” என்பார்கள். அதே பாட்டை நாலு பேர் பாராட்டிவிட்டால் மறுநாளே அது ‘ஆல்பம்’ ஆகிவிடும்.

இன்னொரு பக்கம் பழைய ராக் ரசிகர்கள். கோப்பிக்கடையில் உட்கார்ந்து, “அந்த பேண்டோட டெமோ கேட்டிருக்கியா? அதுதான் அசல். ஆல்பமெல்லாம் கம்பெனிக்காரன் பூசின பவுடர்” என்று அடித்துப் பேசுவார்கள்.

முதல் கூட்டத்துக்கு டெமோ என்பது தரம் குறைந்த பதிவு. இரண்டாவது கூட்டத்துக்கு அது தரம் கூடிய பதிவு. இரண்டு பேரும் தரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் ஒரு பதிவை டெமோ ஆக்குவது அதை யாருக்காகச் செய்தார்கள் என்பதுதான். ஆல்டர்நேட்டிவ் ராக் பேண்டுகள் கைக்காசு போட்டு வெளியிட்ட ஆரம்பகால டெமோக்களை வைத்து இதை விளக்கப் பார்க்கிறேன். ஆல்டர்நேட்டிவ் ராக் என்பது, 1980களில் பெரிய இசை நிறுவனங்களுக்கு வெளியே, சின்ன நிறுவனங்களையும் கல்லூரி வானொலிகளையும் நம்பி வளர்ந்த ராக் இசை. 1990களில் அதுவே பெரிய சந்தையாகிவிட்டது வேறு கதை.

முறுக்குப் பொட்டலம்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே, தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) முறுக்கு சுட்டு விற்கும் அக்கா பட்டணத்து மளிகைக்கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் பெரிய டின் எதுவும் இல்லை. சாதாரண பிளாஸ்டிக் பையில் ஒரு பிடி முறுக்கு, பையின் வாயில் ஒரு ரப்பர் பேண்டு. லேபிள் கிடையாது, விலை கிடையாது. “சாப்பிட்டுப் பாருங்க தவுக்கே, பிடிச்சிருந்தா சொல்லுங்க, எத்தனை டின் வேணுமோ போட்டுத் தர்றேன்” என்கிறார்.

தவுக்கே, அதாவது கடை முதலாளி, பையைப் பார்ப்பதில்லை. முறுக்கைக் கடித்துப் பார்க்கிறார். மொறுமொறுப்பு இருக்கிறதா, எண்ணெய் வாடை அடிக்கிறதா, இந்த அம்மாவால் இதே பக்குவத்தில் இருநூறு டின் போட முடியுமா என்று அவர் மனசு கணக்குப் போடுகிறது.

அந்தப் பைதான் டெமோ. பக்குவம்தான் பாட்டு. லேபிள் ஒட்டி அடுக்கப்போகும் டின்தான் ஆல்பம். தவுக்கே, பேண்டின் பாட்டுக்குப் பணம் போட்டு வெளியிட்டு விற்கும் நிறுவனம். இசை உலகத்தில் அந்த நிறுவனத்தை லேபிள் என்றே சொல்வார்கள்.

இப்போது ஒரு சின்ன மாற்றம். தவுக்கே “பாக்கலாம்” என்று இழுக்கிறார். அக்கா காத்திருக்கவில்லை. வியாழக்கிழமை பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு மேசையைப் போட்டு, அதே பையை மூன்று வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) விற்கிறார். முறுக்கும் அதேதான், பையும் அதேதான். ஆனால் வாங்குகிறவர் இப்போது தவுக்கே இல்லை, தின்னப் போகிறவரே. மாதிரிப் பொட்டலம் சரக்காகிவிட்டது. சுயவெளியீட்டு டெமோ என்பது இதுதான். லேபிளின் பணமோ பெயரோ இல்லாமல், பேண்டே நகலெடுத்து, பேண்டே கையில் கொண்டுபோய்க் கொடுத்தது.

நமக்கு இது புதிசும் இல்லை. உறுமி மேளக் குழுக்கள் தாங்களே பதிவு செய்து, தாங்களே அட்டைப்படம் போட்டு, திருவிழா ஸ்டால்களில் சிடி விற்ற காலத்தை இங்கே பலரும் பார்த்திருப்போம். ராக் பேண்டு என்றதும் ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வித்தை மாதிரி நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது: டெமோ என்பது முடிவெடுக்கப் போகிற ஒருவரிடம் பாட்டையும் பேண்டையும் காட்டுவதற்காகச் செய்த பதிவு. அதையே நேராக ரசிகரிடம் கொடுத்தால் அது சுயவெளியீடு. ஒரே பதிவு இரண்டாகவும் இருக்கலாம்.

சியாட்டில், ஒரு சனிக்கிழமை

1988 ஜனவரி 23. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் சியாட்டில் நகரம். ரெசிப்ரோக்கல் ரெக்கார்டிங் என்ற சின்ன ஸ்டூடியோவுக்கு மூன்று பேர் வந்தார்கள். பாடகரும் கிட்டாரிஸ்டுமான கர்ட் கோபேன், பேஸ் கிட்டார் வாசித்த கிறிஸ்ட் நோவோசெலிக், டிரம்ஸுக்கு மெல்வின்ஸ் பேண்டிலிருந்து வந்திருந்த டேல் குரோவர். நிர்வானா என்ற பெயர்கூட அவர்களுக்கு இன்னும் அமையவில்லை. பதிவு செய்தவர் ஜாக் எண்டினோ.

ஒரே மத்தியானத்தில் பத்துப் பாட்டு. முதலில் மூன்று பேரும் சேர்ந்து வாசித்தார்கள், அதன்மேல் குரலைப் பாடிச் சேர்த்தார்கள். கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடா தீர்ந்துவிட்டது. இன்னொரு சுருள் வாங்கக் காசு செலவழிக்க மனசில்லை. அந்தப் பாட்டின் ஒலியை மெல்லக் குறைத்து, அங்கேயே முடித்துவிட்டார்கள். இன்றைக்கு அதைக் கேட்கும் ரசிகர் அந்த முடிவுக்குக் கலைநயமாக ஏதாவது காரணம் கற்பிக்கலாம். உண்மைக் காரணம் சுருளின் நீளம்.

மொத்தச் செலவு 152 டாலர் 44 சென்ட். சாயங்காலம் மூட்டை கட்டிக்கொண்டு டக்கோமா ஊரில் கச்சேரி வாசிக்கப் போய்விட்டார்கள்.

எண்டினோவுக்கு அந்தக் குரல் பிடித்துவிட்டது. ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டவர், சப் பாப் என்ற உள்ளூர் லேபிளை நடத்திய ஜோனதன் பொன்மனிடம் அதைக் கொடுத்தார். அடுத்த வருடம் அதே லேபிளில் நிர்வானாவின் முதல் ஆல்பம் வந்தது. ஆல்பம் அட்டையிலேயே பதிவுச் செலவு அச்சாகியிருக்கும், 600 டாலர் என்று. அந்த ஆல்பத்தில் இரண்டு பாட்டுகள் புதிதாகப் பதிவு செய்தவை அல்ல. அந்தச் சனிக்கிழமை பிடித்த அதே பதிவு, ஒலி அளவுகளை மட்டும் திருத்திச் சேர்க்கப்பட்டது.

கோப்பிக்கடை வாதத்துக்கு இதுவே போதுமான பதில். ‘டெமோ அசல், ஆல்பம் பவுடர்’ என்று பிரிக்கவே முடியவில்லை. அந்த இரண்டு பாட்டும் டெமோவா, ஆல்பமா? ஜனவரியில் டெமோ, அடுத்த வருடம் ஆல்பம். ஒலியை விட அது போய்ச் சேர்ந்த இடம்தான் மாறியது.

யாருக்காக?

டெமோவுக்கு மூன்று வகைக் கேட்பவர்கள் உண்டு.

முதல் வகை, பேண்டுக்குள்ளேயே இருப்பவர்கள். பாட்டு எழுதியவர் வீட்டில் தனியாகப் பாடிப் பதிவு செய்து, “இப்படித்தான் வரணும்” என்று மற்றவர்களுக்குக் கொடுப்பது. இதற்கு ஒரு பெரிய உதாரணம் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். அவர் ஆல்டர்நேட்டிவ் ராக் கணக்கில் வரமாட்டார், ஆனாலும் இந்த விஷயத்தில் அவரை விட முடியாது. 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியில் ஒரு வாடகை வீட்டில், கேசட் போட்டுப் பதிவு செய்யும் சின்ன இயந்திரத்தில் புதுப் பாட்டுகளைப் பாடினார். பேண்டுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான். அந்தக் கேசட்டுக்கு ஒரு டப்பாகூட இல்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு பெரிய ஸ்டூடியோவில் பேண்டோடு எத்தனை தடவை வாசித்தும் கேசட்டில் இருந்த அந்தத் தனிமை வரவில்லை. கடைசியில் கேசட்டையே ஆல்பமாக வெளியிட்டார், அதே வருடம் செப்டம்பரில்.

இரண்டாவது வகை, லேபிள்காரர்கள், கச்சேரி ஏற்பாடு செய்பவர்கள். மூன்றாவது வகை, ரசிகர்கள். இந்த இரண்டு வகையும் அடிக்கடி கலந்துவிடும். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்து பையன்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஒத்திகை பார்த்ததால் ‘ஆன் எ ஃபிரைடே’ என்று பேண்டுக்குப் பெயர் வைத்தார்கள். 1991இல் அவர்கள் செய்த டெமோ கேசட்டை உள்ளூர் இசைத்தட்டுக் கடையான மேனிக் ஹெட்ஜ்ஹாக்கில் விற்பனைக்கு வைத்தார்கள். இன்றும் ரசிகர்கள் அந்தக் கேசட்டைக் கடையின் பெயரிலேயே குறிப்பிடுவார்கள். அந்த வருடக் கடைசிக்குள் இஎம்ஐ நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்தது. பேண்டின் பெயர் ரேடியோஹெட் ஆனது. 1992இல் வந்த அவர்களின் முதல் வெளியீட்டில் அந்த டெமோவில் இருந்த பாட்டுகள் இரண்டு இடம்பெற்றன. அது ஒரு இபி. அதாவது தனிப்பாட்டை விடப் பெரியது, ஆல்பத்தை விடச் சின்னது, பொதுவாக நாலைந்து பாட்டு.

ரசிகர்களுக்கென்றே போன டெமோவுக்கு ஷெஃபீல்டின் ஆர்க்டிக் மங்கீஸ் நல்ல உதாரணம். 2003, 2004 வாக்கில் டெமோக்களைச் சிடியில் எரித்து, கச்சேரிக்கு வந்தவர்களுக்குச் சும்மா கொடுத்தார்கள். வாங்கியவர்கள் அதைக் கணினியில் ஏற்றி இணையத்தில் பகிர்ந்தார்கள். கச்சேரிக்கு வரும் கூட்டம் எல்லாப் பாட்டையும் கூடவே பாட ஆரம்பித்தது, ஆல்பம் ஒன்றுகூட வராத பேண்டுக்கு! 2006 ஜனவரியில் முதல் ஆல்பம் வந்தபோது ஒரே வாரத்தில் பிரிட்டனில் 3 லட்சத்து 63 ஆயிரம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

ஏன் அந்த இரைச்சல்?

இனி இயந்திரத்துக்குள் போவோம். பழைய டெமோக்களில் பின்னணியில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல், டிரம்ஸ் எங்கோ கிணற்றுக்குள் அடிப்பது போன்ற மங்கல், குரல் மட்டும் முன்னால் வந்து நிற்பது, இதெல்லாம் வாசித்தவர்களின் குறையோ ஸ்டைலோ இல்லை. பெரும்பாலும் நாடாவின் அகலம்தான் காரணம்.

கேசட்டைப் பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்தியது. உள்ளே ஓடும் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அந்தக் கொஞ்ச அகலத்துக்குள் நான்கு கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடுகின்றன. ஒவ்வொரு கோட்டையும் ட்ராக் என்பார்கள். ஒலியைத் தனியாகப் பதிந்து தனியாகக் கேட்கக்கூடிய ஒரு பாதை. சாதாரணப் பாட்டுக் கேசட்டில் முதல் இரண்டு ட்ராக் ஏ பக்கத்துக்கு, இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. கேசட்டைத் திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பி பக்கம்.

1979இல் டாஸ்காம் நிறுவனம் போர்ட்டாஸ்டூடியோ என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. ஸ்பிரிங்ஸ்டீன் பயன்படுத்தியது இதைத்தான். அதன் தந்திரம் ரொம்ப எளிமை. ‘திருப்பிப் போடுவதே வேண்டாம், நான்கு ட்ராக்கையும் ஒரே திசையில் ஓடவிட்டுத் தனித்தனியாகப் பயன்படுத்து’ என்பதுதான். முதல் ட்ராக்கில் டிரம்ஸ், இரண்டில் பேஸ், மூன்றில் கிட்டார், நான்கில் குரல். ஏற்கனவே பதிந்ததைக் காதில் கேட்டுக்கொண்டே அடுத்ததை வாசித்துச் சேர்க்கலாம். அப்படிச் சேர்ப்பதற்கு ஓவர்டப் என்று பெயர். ஒரே ஆள் நான்கு பேராகிவிடலாம்.

ஒலி தெளிவாக வரவேண்டும் என்பதற்காக நாடாவை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினார்கள், வினாடிக்கு ஏறக்குறைய 9.5 சென்டிமீட்டர். அதனால் 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான் பதிவு செய்யலாம். அப்படிப்பட்ட ஒரு கேசட்டைச் சாதாரண ரேடியோ செட்டில் போட்டுக் கேட்டால் வேடிக்கையாக இருக்கும். ஒரு பக்கத்தில் டிரம்ஸும் பேஸும் பாதி வேகத்தில் ஊர்ந்து வரும். திருப்பிப் போட்டால் கிட்டாரும் குரலும் கடைசியிலிருந்து தலைகீழாக வரும். அப்பாவின் பழைய பெட்டியில் இப்படி ஒரு கேசட் கிடைத்தால் கெட்டுப்போய்விட்டது என்று எறிந்துவிடாதீர்கள்.

நான்கு ட்ராக் போதவில்லை என்றால்? இரண்டாவது கிட்டார் வேண்டும், பின்குரல் வேண்டும். அதற்கும் ஒரு வழி இருந்தது. டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றையும் கலந்து நான்காவது ட்ராக்கில் பதிந்துகொள்வார்கள். பிறகு முதல் மூன்றையும் அழித்துவிட்டு அங்கே புதிசாக வாசிப்பார்கள். இதற்குப் பவுன்சிங் என்று பெயர். இங்கேதான் விலை கொடுக்க வேண்டியிருந்தது. கலந்தது கலந்ததுதான், திரும்பப் பிரிக்க முடியாது. டிரம்ஸ் ஒலி கொஞ்சம் குறைந்துபோயிருந்தால், கடைசிவரை அது குறைவாகவே இருக்கும், மேலே எத்தனை கிட்டார் வந்து உட்கார்ந்தாலும்.

நாடாவுக்கென்று ஒரு சொந்த இரைச்சல் உண்டு. அதன் மேல் பூசியிருக்கும் காந்தத் துகள்களிலிருந்து வருவது. ட்ராக் எவ்வளவு ஒடுக்கமோ, பாட்டின் ஒலிக்கு முன்னால் அந்த இரைச்சல் அவ்வளவு பெரிதாகத் தெரியும். ஒவ்வொரு பவுன்சிங்கிலும் பழைய இரைச்சலோடு புது இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். முடிந்த பாட்டை இன்னொரு கேசட்டுக்கு நகலெடுத்தால் இன்னும் கொஞ்சம். நண்பர் அந்த நகலிலிருந்து ஒரு நகல் எடுத்தால் இன்னும் கொஞ்சம். கை மாறி மாறி வந்து சேர்ந்த டெமோவில் நாம் கேட்பது பேண்டை மட்டுமில்லை, நடுவில் எத்தனை பேர் வீட்டு டெக்கில் அது ஓடியது என்பதையும்தான்.

பெரிய ஸ்டூடியோவில் நாடா 2 அங்குல அகலம், 24 ட்ராக். வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும். அதனால் ‘டெமோவின் அந்த அழுக்கு ஒலிதான் உண்மையான உணர்ச்சி’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். உணர்ச்சி பாடியவருடையது. அழுக்கு 3.81 மில்லிமீட்டருடையது. இரண்டும் பல வருடம் சேர்ந்தே காதில் விழுந்ததால் நமக்குப் பிடித்துப்போய்விட்டது, அது வேறு விஷயம். ஸ்பிரிங்ஸ்டீன் விஷயத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனது என்பதையும் மறுக்கமாட்டேன்.

இந்தப் பகுதியின் சாரம்: ட்ராக் என்பது தனி ஒலிப்பாதை, ஓவர்டப் என்பது பதிந்ததன்மேல் சேர்த்து வாசிப்பது, பவுன்சிங் என்பது பல ட்ராக்கை ஒன்றில் அடக்குவது. இரைச்சலும் மங்கலும் இந்த வேலைகளின் பக்கவிளைவு.

பதிவு வேறு, கலவை வேறு

ஈப்போவுக்குப் போய்ப் பதிவு செய்துவிட்டு வரும் தம்பிமார்கள் அடிக்கடி கேட்பது, “நல்ல ஸ்டூடியோவிலதான் பண்ணோம், ஏன் சிடி மாதிரி கேக்கல?” என்று. வாசித்ததைப் பதிவது முதல் கட்டம் மட்டுமே. அப்புறம் ஒவ்வொரு ட்ராக்கும் எவ்வளவு சத்தமாக, இடப்பக்கமா வலப்பக்கமா, எவ்வளவு எதிரொலியோடு என்று அளவு பார்த்துச் சேர்க்க வேண்டும். அது மிக்ஸிங். எல்லாப் பாட்டையும் ஒரே ஒலி மட்டத்துக்குக் கொண்டுவந்து, வெளியீட்டுக்கான கடைசிப் பிரதியைத் தயாரிப்பது மாஸ்டரிங். டெமோவில் மிக்ஸிங் அவசரமாக நடக்கும், மாஸ்டரிங் பெரும்பாலும் நடக்கவே நடக்காது. காசில்லை என்பது ஒரு காரணம். அவசியமில்லை என்பது பெரிய காரணம், தவுக்கே பையைப் பார்ப்பதில்லையே.

ஃபூ ஃபைட்டர்ஸின் முதல் ஆல்பத்தில் இந்தப் பிரிவு தெளிவாகத் தெரியும். நிர்வானாவுக்குப் பிற்பாடு டிரம்மராக வந்த டேவ் குரோல், கோபேன் இறந்த 1994ஆம் வருடத்தின் அக்டோபரில், சியாட்டிலை ஒட்டியுள்ள ராபர்ட் லேங் ஸ்டூடியோவில் ஒரே வாரத்தில் ஏறக்குறைய எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்துப் பதிவு செய்தார். தன் பெயர் தெரியவேண்டாம் என்று ஒரு பேண்டின் பெயரைப் போட்டு, கேசட்டில் நகலெடுத்து நண்பர்களுக்குக் கொடுத்தார். 1995இல் அதுவே ஆல்பமாக வந்தது. பதிவு அப்படியே இருந்தது, மிக்ஸிங்கை மட்டும் வேறு ஆட்களை வைத்துப் புதிதாகச் செய்தார்கள்.

கசிந்தது வெளியீடு ஆகாது

இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். பேண்டு தானே விரும்பிக் கொடுத்தால் அது சுயவெளியீடு. பேண்டுக்குத் தெரியாமல் யாரோ எடுத்துப் பரப்பினால் அது கசிவு, விற்றால் திருட்டுப் பிரதி. 2019இல் ரேடியோஹெட் பேண்டின் பழைய மினிடிஸ்க்குகள், 1990களின் ஒத்திகையும் டெமோவுமாக ஏறக்குறைய 18 மணி நேரப் பதிவு, திருடுபோய்க் கசிந்தன. பேண்டு என்ன செய்தது? முழுவதையும் தாங்களே, பேண்டுகள் நேராகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் 18 பவுண்டுக்குப் போட்டு, வந்த பணத்தைப் பருவநிலைப் போராட்ட அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது. நேற்று வரைக்கும் கசிவு, இன்றைக்கு வெளியீடு. கோப்பில் ஒரு வினாடிகூட மாறவில்லை.

மலேசியாவில் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு எழுத்திலோ பதிவிலோ ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டால் உரிமை தானாகவே உண்டாகிறது. கைப்பேசிப் பதிவும் அதில் அடங்கும். வேண்டுமானால் மைஐபிஓ என்ற அறிவுசார் சொத்துக் கழகத்தில் தகவல் பதிந்துகொள்ளலாம், கட்டாயமில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பாட்டின் உரிமை வேறு, அந்தப் பதிவின் உரிமை வேறு. நாலு பேர் சேர்ந்து செய்த டெமோவில் பாட்டை எழுதியது யார் என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. பேண்டு பிரியும்போது முதலில் சண்டை வருவது இதில்தான்.

இப்போது நம் பட்டணத்தில்

நாடாவின் தொல்லை இன்று இல்லை. ஆடியோ இண்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி, மைக்கிலும் கிட்டாரிலும் வரும் ஒலியைக் கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றிக் கொடுக்கிறது. மென்பொருளில் ட்ராக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. பவுன்சிங் செய்தாலும் இரைச்சல் அதிகமாகாது. ஆனால் வேறு தொல்லை வந்திருக்கிறது.

கைப்பேசியின் மைக் பேச்சுக்காக அமைக்கப்பட்டது. டிரம்ஸ் பக்கத்தில் வைத்தால், அது தாங்கக்கூடிய உச்சத்தைத் தாண்டிய ஒலி வெட்டுப்பட்டுக் கரகரவென்று பதியும். இதற்குக் க்ளிப்பிங் என்று பெயர். எந்த மென்பொருளாலும் இதை முழுசாகச் சரிசெய்ய முடியாது. கைப்பேசியில்தான் பதிவு செய்யப்போகிறீர்கள் என்றால், டிரம்ஸை விட்டுத் தள்ளி, அறையின் எதிர்மூலையில், தோள் உயரத்தில் வையுங்கள். பாடுகிறவர் கைப்பேசிக்குப் பக்கமாக வரட்டும். ஒரு நிமிடம் வாசித்துக் கேட்டுப் பாருங்கள், அப்புறம் முழுப்பாட்டு.

சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். அது அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் மட்டும் குறைக்கும். பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தத்தை அது தடுக்காது. லிங்க் வீட்டில் (சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீட்டில்) டிரம்ஸ் வாசிக்கிறவர்கள் அட்டையை நம்புவதைவிடப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் நேரம் கேட்டுக்கொள்வது மேல். செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் தனிவீடு கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், யாருக்காக என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். பேண்டுக்குள் மட்டும் என்றால் கைப்பேசி போதும், ஒரு வெள்ளிகூடச் செலவழிக்க வேண்டாம். கச்சேரி வாய்ப்புக்காக என்றால், நீங்கள் மேடையில் எப்படி வாசிப்பீர்களோ அப்படியே இருக்கட்டும். மூன்று கிட்டாரை அடுக்கிப் பதிவு செய்துவிட்டு மேடையில் ஒரு கிட்டாரோடு போய் நின்றால், கூப்பிட்டவர் முழிப்பார். ரசிகர்களுக்காக என்றால் மிக்ஸிங்கிற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள், அவர்கள் கேட்கப்போவது பேருந்தில், மலிவான இயர்போனில்.

ஒருவரிடம் அனுப்பும்போது மூன்று பாட்டு போதும், உங்களுக்கே ரொம்பப் பிடித்தது முதலில். முதல் பாட்டின் ஆரம்பத்தில் ஒரு நிமிட இசை வைத்துவிட்டுக் குரலைத் தாமதப்படுத்தாதீர்கள். கோப்பின் பெயர் ‘ஃபைனல் ஃபைனல் 2’ என்று இருக்கக்கூடாது. பேண்டின் பெயர், பாட்டின் பெயர், பதிவு செய்த மாதமும் வருடமும், தொடர்பு எண், இந்த நான்கும் கோப்போடு போகவேண்டும். எண் இல்லாமல் வந்த டெமோவுக்கு யாரும் திருப்பிக் கூப்பிட முடியாது.